குருதிக்குச் சல்லடை செய்த ஒல்லாந்து வைத்தியர்

உறவினரிலோ அயலவரிலோ ஒரு சிறுநீரக நோயாளியேனும் இல்லாத குடும்பம் எமது நாட்டில் அருகி வருகின்றது. வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று தடவைகள் வைத்தியசாலைக்குச் சென்று, ஒவ்வொரு தடவையும் நான்கு மணித்தியாலம் வரை ஓர் இயந்திரத்தின் அருகே படுத்திருந்து, குருதியைச் சுத்திகரித்துக்கொண்டு வீடு திரும்புவோர் பலர். 1990களில் வட மத்திய மாகாணத்தின் நெற்செய்கைக் கிராமங்களில் இனங்காணப்பட்ட, காரணம் இன்றுவரை ஐயந்திரிபற நிறுவப்படாத சிறுநீரக நோய், அனுராதபுரம், பொலன்னறுவை மாவட்டங்களைக் கடந்து வவுனியா வரையிலும் விவசாயக் குடும்பங்களைப் பீடித்துள்ளது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்ற பேதத்தை அந்நோய் பாராட்டுவதில்லை. பொலன்னறுவையில் சீன நாட்டின் உதவியுடன் நிர்மாணிக்கப்பட்ட சிறுநீரக விசேட வைத்தியசாலை 2021ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பட்டது. டயலிசிஸ் என்ற சொல்லைப் பாமர மக்களும் இன்று அறிவர். ஆனால், அந்த இயந்திரத்தை முதன்முதலில் மனித உயிருக்குப் பயன்படும் நிலைக்குக் கொண்டுவந்தவரின் பெயரை அறிந்தோர் மிகச் சிலரே.

வில்லெம் யொஹான் கொல்ஃப் என்பது அவரது பெயர். ஒல்லாந்தர் என்றதும் எமது வாசகர்களுக்குக் கோட்டைகளும் கறுவாவும் தோம்புகளுமே நினைவுக்கு வருவது இயல்பு. எமது கரையோரங்களை 18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை ஆண்ட அதே தேசத்தின் லெய்டன் நகரில், 1911ஆம் ஆண்டு பெப்ரவரி 14ஆம் திகதி கொல்ஃப் பிறந்தார். அவரது தந்தையாரும் ஒரு வைத்தியரே. பேக்பேர்கன் என்ற ஊரில் சயரோக நோயாளருக்கான சிகிச்சை நிலையமொன்றின் பொறுப்பாளராக அவர் விளங்கினார். சயரோகத்துக்குத் தக்க மருந்து கண்டறியப்படாத காலம் அது. தம் நோயாளர் இறந்த நாள்களில் தந்தையார் கலங்கிய முகத்துடன் வீடு திரும்புவதைக் கண்டு வளர்ந்த மகன், மனிதர் சாவதைப் பார்க்க வேண்டிய தொழில் தமக்கு வேண்டாமென்று எண்ணி, மிருகக்காட்சிச்சாலையொன்றின் பணிப்பாளராக வர ஆசைப்பட்டார். நாட்டிலுள்ள மிருகக்காட்சிச்சாலைகளே மூன்றுதான், அதற்கு மேல் பணிப்பாளர் பதவிகள் இல்லை என்று தந்தையார் எடுத்துச் சொன்னதன் பின்னரே மருத்துவக் கல்வி என்ற முடிவுக்கு அவர் வந்தார். எழுத்துகளைப் படிப்பதில் இடர்ப்பாடு கொண்ட அச்சிறுவன் தச்சுவேலையையும் முறையாகக் கற்றுக்கொண்டான். மருத்துவப் பட்டத்துக்கு நிகராக அந்தத் தச்சுவேலையும் அவரது பிற்கால வாழ்வுக்கு உதவியது எனலாம்.

லெய்டனில் மருத்துவக் கல்வியை முடித்து, 1938ஆம் ஆண்டில் வட பகுதியிலுள்ள குரோனிங்கன் பல்கலைக்கழக வைத்தியசாலையில் பேராசிரியர் பொலக் டானியல்ஸின் கீழ் அவர் இளநிலை வைத்தியராகச் சேர்ந்தார். அவரது பொறுப்பில் இருந்தவை நான்கு கட்டில்கள் மாத்திரமே. அவற்றுள் ஒன்றில், இருபத்திரண்டு வயதான விவசாயி மகனொருவன் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்து மெல்ல மெல்ல இறந்துகொண்டிருந்தான். தலைவலி, ஓயாத வாந்தி, மங்கிவரும் பார்வை என ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. அவனுடைய தாயாரிடம், உங்கள் ஒரே மகன் பிழைக்கமாட்டான், நாங்கள் செய்யக்கூடியது எதுவுமில்லை என்று சொல்ல வேண்டிய கடமை அந்த இளம் வைத்தியரின் தலையில் விழுந்தது.

சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குச் சென்றிருந்தால் அவரை எவரும் குறைசொல்லியிருக்கப் போவதில்லை. அக்காலத்தில் உலகெங்கும் வைத்தியர்கள் அதையே செய்தனர். கொல்ஃப் உட்கார்ந்து கணக்குப் போட்டார். உடல் நாளாந்தம் உற்பத்தி செய்யும் யூரியா போன்ற கழிவுகள் வெளியேற வழியின்றிக் குருதியில் தேங்கியதாலேயே அந்த இளைஞன் மாண்டான். நாளொன்றுக்கு 20 கிராம் அளவான யூரியாவை ஏதேனும் ஒரு வழியால் வெளியேற்ற முடிந்திருந்தால் அவன் உயிரோடு இருந்திருப்பான். 20 கிராம் என்பது சில தேக்கரண்டி அளவே. இவ்வளவு சிறிய ஒன்றுக்காக ஓர் உயிர் போவதா என்ற கேள்வி அதன்பின் அவரை விடவில்லை.

வழி என்னவோ ஓரளவுக்குத் தெரிந்த ஒன்றுதான். நுண்ணிய துளைகள் கொண்ட மென்சவ்வொன்றின் ஒரு புறம் குருதியையும் மறுபுறம் உப்புநீரையும் வைத்தால், செறிவு கூடிய பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குச் சிறிய மூலக்கூறுகள் நகரும். யூரியா சிறியது, ஆகவே துளைகளினூடே சென்றுவிடும். குருதிக் கலங்களும் புரதங்களும் பெரியவை, ஆகவே அவை தங்கிவிடும். ஸ்கொட்லாந்து இரசாயனவியலாளர் தோமஸ் கிரகாம் 1861ஆம் ஆண்டிலேயே இத்தோற்றப்பாட்டுக்கு டயலிசிஸ் என்று பெயரிட்டிருந்தார். 1913இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜோன் ஏபெல் என்பவர் நாய்களின் குருதியை இவ்வாறு சுத்திகரித்துக் காட்டினார். குழாய்களுக்குள் குருதி உறையாதிருக்க அவர் பயன்படுத்தியது அட்டைகளிலிருந்து பெறப்பட்ட சாறு. முதலாம் உலக யுத்தம் மூண்டதும் ஐரோப்பாவிலிருந்து அட்டைகள் வருவது நின்றுபோக ஆராய்ச்சியும் நின்றுபோயிற்று. ஜேர்மனியின் கீசன் நகரில் ஜோர்ஜ் ஹாஸ் 1924ஆம் ஆண்டில் முதன்முதலாக ஒரு மனிதருக்கு இதனைச் செய்து பார்த்தார். போதிய பயன் கிட்டாமலும், ஆதரிப்பார் இல்லாமலும் அவரும் கைவிட்டார்.

கொல்ஃபின் காலத்தில் இரண்டு பொருள்கள் புதிதாகக் கைக்கெட்டியிருந்தன. ஒன்று, குருதி உறைவதைத் தடுக்கும் ஹெப்பரின். மற்றையது, கொத்திறைச்சியை அடைத்து விற்பதற்கென்று கடைகளுக்கு வந்திருந்த செலோபேன் உறை. அதன் பயனை உயிரிரசாயனப் பேராசிரியர் பிரிங்மன் அவருக்கு எடுத்துக்காட்டினார். யூரியா கலந்த சிறிதளவு குருதியை அவ்வுறையில் அடைத்து உப்புநீர்த் தொட்டியில் ஆட்டிப் பார்த்தபோது, சொற்ப நேரத்தில் பெரும்பாலான யூரியா நீருக்குள் சென்றுவிட்டிருந்தது.

இந்த நிலையில்தான் 1940 மே 10ஆம் திகதி ஹிட்லரின் படைகள் ஒல்லாந்தினுள் புகுந்தன. அன்று குடும்பத்து மரணச் சடங்கொன்றின் நிமித்தம் கொல்ஃப் ஹேக் நகரில் இருந்தார். வானில் குண்டுவீச்சு விமானங்களைக் கண்டவர், சடங்கை விட்டு நகரின் பிரதான வைத்தியசாலைக்குச் சென்று, இங்கு குருதி வங்கி உண்டா என்று கேட்டார். இல்லை என்றனர். வாகனமொன்றையும் பாதுகாப்புக்கு ஒரு படைவீரரையும் பெற்றுக்கொண்டு, துப்பாக்கிச் சூடுகளுக்கிடையே கடைகடையாகச் சென்று போத்தல்களையும் குழாய்களையும் திரட்டினார். நான்கு நாள்களுக்குள் குருதி வங்கி இயங்கத் தொடங்கியது. ஐரோப்பியப் பெருநிலத்தின் முதலாவது குருதி வங்கி அதுவே என்பர்.

நாடு சரணடைந்தது. யூதரான பேராசிரியர் பொலக் டானியல்ஸ் தம் துணைவியாருடன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவரது ஆசனத்தில் நாஸி ஆதரவாளரொருவர் அமர்த்தப்பட்டார். அவரின் கீழ்ப் பணியாற்ற மனமொப்பாத கொல்ஃப், 1941ஆம் ஆண்டில் ஐசெல் நதிக்கரையிலுள்ள காம்பன் என்ற சிற்றூரின் வைத்தியசாலைக்குச் சென்றார். பல்கலைக்கழகமும் ஆய்வுகூடமும் இல்லாத ஊர் அது. எதிர்காலத்தைத் தொலைத்துக்கொண்டார் என்றே அவரை அறிந்தோர் எண்ணியிருப்பர்.

காம்பனில் பற்றுக்கோடாக இருந்தது ஒரு பாத்திரத் தொழிற்சாலை. பீங்கான் பூச்சிட்ட சமையற் பாத்திரங்களைச் செய்த அத்தொழிற்சாலையின் முகாமையாளர் ஹென்றிக் பேர்க், யுத்தகாலக் கட்டுப்பாடுகளுக்கிடையிலும் ஒரு பெருந்தொட்டியைச் செய்து கொடுத்தார். மரச்சட்டங்களாலான உருளையொன்றைச் சுற்றி ஏறத்தாழ 20 மீற்றருக்கும் அதிக நீளமான செலோபேன் குழாய் சுற்றப்பட்டது. உருளையின் கீழ்ப்பாகம் தொட்டியிலுள்ள சுமார் 100 லீற்றர் உப்புநீரில் தோய்ந்திருக்கும். உருளை சுழலும்போது குழாயினுள் இருக்கும் குருதி தன் பாரத்தால் எப்போதும் அடிப்பாகத்தையே நாடும். இவ்வாறு சுற்றுச் சுற்றாக ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அது நகர்ந்து, செல்லும் வழியெங்கும் தன் கழிவுகளை நீரில் விட்டுச் செல்லும். நோயாளிக்குத் தேவையான உப்புகளும் கூடவே கழுவப்பட்டு விடக்கூடாதென்பதற்காக, அவை குருதியில் இருக்கும் அதே செறிவில் தொட்டி நீரிலும் கலக்கப்பட்டிருந்தன. சுழலும் உருளைக்கும் அசையாதிருக்கும் குழாய்க்கும் இடையே குருதி சிந்தாமல் இணைப்பது எப்படி என்ற சிக்கலுக்கு, ஃபோர்ட் மோட்டார் வாகனத்தின் நீர்ப்பம்பியில் விடை கிடைத்தது.

1943 மார்ச் மாதத்தில் முதலாவது நோயாளி அந்த இயந்திரத்தில் இணைக்கப்பட்டார். 29 வயதான பெண் அவர். சுருங்கிப்போன சிறுநீரகங்களும் கட்டுக்கடங்காத குருதியழுத்தமுமாக ஏறக்குறைய நினைவிழந்த நிலையில் வந்தவர், சிகிச்சையின் பின் தெளிவடைந்து பேசினார். 12 தடவைகள் அவருடைய குருதி சுத்திகரிக்கப்பட்டது. இயந்திரம் தன் பணியைச் செய்தது. ஆனால், ஒவ்வொரு தடவையும் குழாயைச் செருகுவதற்கு ஒரு குருதிக்கலன் பலியாக வேண்டியிருந்தது. பன்னிரண்டாவது தடவையின் பின் செருகுவதற்கு இடமே எஞ்சவில்லை. அப்பெண் இறந்தார்.

அவருக்குப் பின் வந்தோரும் இறந்தனர். 1944 வரையிலான காலத்தில் 15 பேருக்குச் சிகிச்சை அளிக்கப்பட்டது. பிழைத்தவர் ஒருவரே, அவரும் இயந்திரமின்றியே பிழைத்திருக்கக்கூடும் என்று கொல்ஃப் நேர்மையுடன் ஒப்புக்கொண்டார். இவ்விடத்தில் வாசகர் மனதில் ஒரு வினா எழுவது நியாயமே. இத்தனை மரணங்களுக்குப் பின்னரும் ஒருவர் எந்த உரிமையில் அடுத்த நோயாளியின் நாளத்தில் ஊசியைச் செருகினார்? வந்தோர் யாவரும் வேறெவராலும் காப்பாற்ற முடியாதென்று கைவிடப்பட்டவர்கள் என்பது ஒரு விடை. ஒவ்வொருவரிடத்தும் யூரியா குறைந்ததையும், சிலர் சில நாள்களுக்கேனும் கண்விழித்ததையும் அவர் கண்டார் என்பது மற்றொரு விடை. இன்றைய மருத்துவ ஒழுக்கநெறிக் குழுவொன்று அவருக்கு அனுமதி வழங்கியிருக்குமா என்பது சந்தேகமே. அவ்வாறு மறுத்திருந்தால் அது தவறென்றும் எம்மால் சொல்லிவிட முடியாது.

ஆக்கிரமிப்பின் கீழ் அவர் அமைதியாக ஆராய்ச்சி மட்டும் செய்துகொண்டிருக்கவில்லை. ஜேர்மனிக்குக் கட்டாய வேலைக்கு இழுத்துச் செல்லப்படவிருந்தோரை நோயாளிகள் என்று காட்டி வைத்தியசாலையில் ஒளித்துவைத்தார். இயந்திரத்தின் பிரதிகள் சிலவற்றை இரகசியமாகச் செய்து, குண்டுக்கு ஒன்று இரையானாலும் மற்றொன்று மிஞ்சட்டுமென்று வெவ்வேறு இடங்களில் மறைத்தும் வைத்தார்.

1945ஆம் ஆண்டு ஏப்ரலில் காம்பன் விடுவிக்கப்பட்டது. செப்டெம்பர் 11ஆம் திகதி அவரிடம் கொண்டுவரப்பட்ட பதினேழாவது நோயாளி 67 வயதான ஒரு மூதாட்டி. நாஸிகளுக்குத் துணைபோன குற்றத்துக்காக மறியலில் வைக்கப்பட்டிருந்தவர். பித்தப்பை அழற்சியைத் தொடர்ந்து சிறுநீரகங்கள் செயலிழந்து நினைவற்றுக் கிடந்தார். ஐந்து ஆண்டுக்கால ஆக்கிரமிப்பில் உற்றாரைப் பறிகொடுத்த மக்களிடையே, இத்தகைய ஒருத்தியைச் சாகவிட்டால்தான் என்ன என்று எண்ணியோர் இல்லாமலில்லை. கொல்ஃபின் ஆசான் மாண்டதும் அவரே ஊர்விட்டு ஊர் பெயர்ந்ததும் இம்மூதாட்டி ஆதரித்த ஆட்சியினால் அல்லவா? யுத்தமொன்றைக் கடந்துவந்த எமது வாசகர்களுக்கு அந்த ஊர் மக்களின் மனநிலையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பதினொன்றரை மணித்தியாலம் இயந்திரம் சுழன்றது. மூதாட்டி கண்விழித்தார். விழித்ததும் அவர் கூறிய முதல் செய்தி தம் கணவரை விவாகரத்துச் செய்யப்போவதாக என்று கொல்ஃப் பிற்காலத்தில் சொல்லி மகிழ்வதுண்டு. சொன்னபடியே செய்தும் விட்டாராம். சில நாள்களில் அவரது சிறுநீரகங்கள் மீண்டும் இயங்கத் தொடங்கின. மேலும் பல ஆண்டுகள் வாழ்ந்து, வேறொரு காரணத்தால் அவர் காலமானார். செயற்கைச் சிறுநீரகத்தால் காப்பாற்றப்பட்டார் என்று ஐயமின்றிச் சொல்லத்தக்க முதல் மனித உயிர், ஊரார் வெறுத்த ஓர் உயிராக அமைந்தது.

1946இல் குரோனிங்கன் பல்கலைக்கழகம் அவருக்குக் கலாநிதிப் பட்டத்தை அதிசிறப்புடன் வழங்கியது. அடுத்து அவர் செய்த காரியம் வியாபாரிகளுக்கு விளங்காத ஒன்று. கண்டுபிடிப்புக்கு உரிமம் எதனையும் பெறாது, ஒளித்துவைத்திருந்த இயந்திரங்களை லண்டன், நியூயோர்க், மொன்றியல் நகர்களுக்கும் போலந்துக்கும் இனாமாக அனுப்பினார். அமைப்பு வரைபடங்களையும் கேட்டவர்களுக்குக் கொடுத்தார். அவ்வரைபடங்களைக் கொண்டு பொஸ்டன் நகரில் திருத்தியமைக்கப்பட்ட இயந்திரம் கொரிய யுத்தத்தில் காயமுற்றுச் சிறுநீரகம் செயலிழந்த படையினர் பலரைக் காப்பாற்றியது.

1950ஆம் ஆண்டில் கொல்ஃப் குடும்பத்துடன் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து கிளீவ்லண்ட் மருத்துவ நிலையத்தில் சேர்ந்தார். அங்கும் தட்டுமுட்டுப் பொருள்களை விட்டு அவர் கை விலகவில்லை. ஒஸ்ரிய வைத்தியர் புரூனோ வாற்சிங்கருடன் இணைந்து, பழச்சாற்றுத் தகரப்பேணியொன்றின் மீது இரட்டைச் சுருளாகச் செலோபேன் குழாயைச் சுற்றி, ஒருமுறை பாவித்துவிட்டு எறியத்தக்க செயற்கைச் சிறுநீரகத்தை 1956இல் உருவாக்கினார். கூடமொன்றையே அடைத்துக்கொண்டிருந்த உருளை இயந்திரம் கைக்கடக்கமாயிற்று.

ஆயினும், காம்பனின் முதல் நோயாளியைக் கொன்ற சிக்கல் அப்போதும் தீரவில்லை. தற்காலிகமாகச் சிறுநீரகம் செயலிழந்தவரைச் சில தடவைகள் சுத்திகரித்து மீட்கலாம். நிரந்தரமாகச் செயலிழந்தவருக்கு வாராவாரம் குருதிக்கலனுக்கு எங்கே போவது? 1960ஆம் ஆண்டில் சியாற்றில் நகர வைத்தியர் பெல்டிங் ஸ்கிறிப்னர், கையின் நாடியையும் நாளத்தையும் இணைக்கும் டெஃப்லோன் குழாயொன்றை நிரந்தரமாகப் பொருத்தி இதற்கு வழிகண்டார். சிக்கல் தீர்ந்த மறுகணமே அதனிலும் கொடிய வேறொன்று தலைதூக்கியது. இயந்திரங்களோ சில. நோயாளிகளோ பல்லாயிரம். யார் வாழ்வது என்று தீர்மானிக்கச் சியாற்றிலில் பொதுமக்கள் எழுவர் கொண்ட குழுவொன்று அமைக்கப்பட்டது. தொழில், வருமானம், மணவாழ்வு, வழிபாட்டுக்குச் செல்லும் வழக்கம் ஆகியவற்றைக் கூட அக்குழு நிறுத்துப் பார்த்தது. 1962இல் இச்செய்தி சஞ்சிகையொன்றில் வெளியானபோது அமெரிக்காவே அதிர்ந்தது. அரச செலவில் யாவருக்கும் இச்சிகிச்சை என்ற சட்டம் அந்நாட்டில் நிறைவேறியது 1972ஆம் ஆண்டிலேயே. காம்பனின் மூதாட்டியை அக்குழுவின் முன் நிறுத்தியிருந்தால் என்ன தீர்ப்புக் கிடைத்திருக்கும் என்பதை ஊகிக்கப் பெரும் அறிவு தேவையில்லை.

நோயாளி இயந்திரத்தைத் தேடி வருவதல்ல, இயந்திரமே நோயாளியின் வீட்டுக்குச் செல்ல வேண்டும் என்பது கொல்ஃபின் நிலைப்பாடு. வீட்டுப் பாவனைக்குரிய துணி துவைக்கும் இயந்திரங்களின் தொட்டியையே சுத்திகரிப்புத் தொட்டியாக மாற்றிச் செலவைக் குறைத்தும் காட்டினார். தன் இயந்திரம் இதற்குப் பயன்படுவதை அறிந்த உற்பத்தி நிறுவனம், வழக்கு வரலாமென்று அஞ்சி மறுத்துவிட்டது.

1967இல் யூற்றா பல்கலைக்கழகத்துக்கு மாறிய பின் அவர் அடுத்த படியை நாடினார். மென்சவ்வு முறைக்குப் பெருந்தொகை நீர் வேண்டும், அதுவே நோயாளியைக் கட்டிலோடு பிணைத்தது. நீரைத் திரும்பத் திரும்பச் சுத்திகரித்துப் பாவிக்கக்கூடுமானால் இயந்திரத்தை உடலிலே அணிந்து நடமாடலாமல்லவா? இதற்குக் கைகொடுத்தது கரி. செயலூட்டப்பட்ட கரியின் எண்ணற்ற நுண்துளைகளின் பரப்பில் நச்சு மூலக்கூறுகள் ஒட்டிக்கொள்ளும். புறத்துறிஞ்சல் என்று பாடநூல்கள் கூறுவது இதனையே. எமது நாட்டிலிருந்து ஏற்றுமதியாகும் சிரட்டைக்கரி, குடிநீரைச் சுத்திகரிப்பதும் இதே தத்துவத்தினால்தான். ஏதென்ஸ் நகர வைத்தியர் யாட்சிடிஸ் 1964ஆம் ஆண்டிலேயே குருதியை நேரடியாகக் கரியினூடே செலுத்திப் பார்த்திருந்தார். கரித்துகள்கள் குருதியோடு கலந்தன, குருதிச் சிறுதட்டுகள் அழிந்தன. மொன்றியல் நகரின் தோமஸ் சாங் கரித்துணிக்கைகளுக்கு மெல்லிய சவ்வினால் உறையிட்டு அக்குறையைப் பெரிதும் நீக்கினார். சில வகை நஞ்சுகளை அருந்தியோரின் குருதியை இம்முறையால் சுத்திகரிக்கும் வழக்கம் அதிலிருந்து பரவியது.

கொல்ஃபின் குழுவினர் 1970களில் உருவாக்கிய அணியத்தக்க சிறுநீரகமும் கரியையே நம்பியிருந்தது. ஆனால், கரிக்கு ஒரு குறை உண்டு. கிரியற்றினின், யூரிக்கமிலம் போன்றவற்றை அது நன்றாகப் பற்றிக்கொள்ளும். யூரியாவை மட்டும் பெரும்பாலும் விட்டுவிடும். ஆகவே ஒவ்வொரு சிகிச்சையின் போதும் சிறிது நேரம் நீர்த்தொட்டியோடு நோயாளியை இணைத்தே ஆகவேண்டியிருந்தது. 1938இல் கணக்கிட்ட அந்த 20 கிராம் யூரியா, அவரைக் கடைசிவரை விட்டபாடில்லை.

செயற்கை இதயமே அவருக்கு உலகப் புகழைத் தேடித்தந்தது. 1982 டிசெம்பரில் யூற்றாவில் பார்னி கிளார்க் என்ற ஓய்வுபெற்ற பல்வைத்தியருக்குப் பொருத்தப்பட்ட இதயம் அவரை 112 நாள்கள் வாழவைத்தது. அவை வேதனை மிகுந்த நாள்கள் என்ற கண்டனமும் எழுந்தது. அவ்விதயம் கொல்ஃபின் பெயரையன்றி, அதில் உழைத்த இளம் ஆய்வாளர் ஜார்விக்கின் பெயரையே தாங்கியிருந்தது. தம் ஆய்வுகூடத்துச் சாதனங்களுக்கு அவற்றில் பாடுபட்டோரின் பெயரையே இடுவது கொல்ஃபின் வழக்கம். நோபல் பரிசு அவரை வந்தடையவில்லை. 2002இல் ஸ்கிறிப்னருடன் இணைந்து லாஸ்கர் விருதைப் பெற்றபோது அவருக்கு வயது தொண்ணூற்றொன்று.

ஓய்வுபெற்ற பின்னரும் அவர் சும்மா இருக்கவில்லை. சுவாசிக்க முடியாதோர் தோளில் சுமந்து செல்லத்தக்க செயற்கைச் சுவாசப்பையொன்றைச் செய்வதில் தொண்ணூறு வயதின் பின்னரும் முனைந்திருந்தார். அது முடிவுறவில்லை. 2009ஆம் ஆண்டு பெப்ரவரி 11ஆம் திகதி, தொண்ணூற்றெட்டாவது பிறந்தநாளுக்கு மூன்று நாள்கள் இருக்கையில், பென்சில்வேனியா மாநிலத்தில் கொல்ஃப் காலமானார்.